பின்கட்டு உறைத்தொட்டி

"தொட்டா ஒட்டாதுன்னா, அப்ப என் நாத்தனாருக்கு எப்படிம்மா வந்துச்சு? முந்தாநேத்து வரைக்கும் ஓடியாடித் திரிஞ்சவ, இன்னைக்குச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கக்கூசுக்குப் போறா."

"உங்க நாத்தனாரு இந்தப் பக்கம் வந்ததே இல்லையேக்கா. அவங்க இருக்கறது வடமதுரையில."

"நீ தொட்டு அனுப்புன ஆளு அவ உக்காந்த பஸ்ஸுல உக்காந்திருப்பான்."

"ஆயிரம் தடவை சொல்லிட்டேன். தொட்டாப் பரவாது. கொசு கடிச்சாத்தான் பரவும்."

"அப்ப அந்தக் கொசு எங்கன இருந்து வருதாம்?"

"உங்க வாசல் சாக்கடையைக் கேளுங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சத்யபிரியாவுக்கே அடுத்த நிமிடம் தோன்றியது. வீட்டுக்காரி புவனேஸ்வரியிடம் அவள் வீட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேசுவது, அதுவும் வாடகைக்கு இருந்துகொண்டு பேசுவது, புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. தண்ணீர் வராத குழாயடியில் காலிக் குடத்தோடு நின்ற பெண்கள், தண்ணீர் வராது என்று தெரிந்தும் நகராமல் நின்றார்கள். இதைவிட நல்ல பொழுது வேறு எங்கே கிடைக்கும்?

புவனேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆவணி கழியட்டும். அதுக்குள்ள இந்த வீட்டுல ஒருத்தருக்கு இந்த முடக்குக் காய்ச்சல் வந்துச்சு, நீ காலி பண்ணிக்க. இதுக்கு மேல பேச்சில்ல."

2006ஆம் வருஷம், ஆடி மாதம் அது. திண்டுக்கல்லில் வீட்டுக்கு ஒருவர் வளைந்து நடந்த சமயம். சிக்குன்குனியா என்று பேப்பரில் போட்டார்கள். அந்தப் பெயரை வாயில் போட்டு மெல்லுவதற்குள் ஆளே படுத்துவிடுவதால் முடக்குக் காய்ச்சல் என்று ஊரே பெயரைச் சுருக்கிக்கொண்டது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். மூட்டு வலி மட்டும் விருந்துக்கு வந்த மாமனாரைப் போலக் கிளம்பவே கிளம்பாது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்தார்கள். செருப்பு மாட்ட முடியாமல் வெறுங்காலோடு வந்தார்கள். எல்லாரும் வந்து சேர்ந்த இடம், புவனேஸ்வரி வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்.

பலகையில் 'சத்யா பிசியோதெரபி' என்றுதான் இருந்தது. வலிக்கிற இடத்தில் மிஷின் வைத்துக் கரண்டு விடுவதால் தெருவுக்கு அது கரண்டுக் கடை. தாடிக்கொம்பிலிருந்து தினமும் ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கும் சத்யபிரியா, திருச்சியில் நாலரை வருஷம் படித்தவள். வயது இருபத்தெட்டு. கழுத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஊர்பேர் தெரியாத ஆம்பிளைகளின் காலைப் பிடித்து நீட்டுகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை எப்படி அமையும் என்று தெருவில் அவ்வப்போது கவலைப்பட்டுக்கொள்வார்கள். முழங்கால் வலிக்கிற அன்றைக்குக் கவலையை வீட்டில் வைத்துவிட்டு அவளிடமே வந்து காலை நீட்டிக்கொள்வார்கள்.

காய்ச்சலுக்கு முன்பு ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் அதிகம். இப்போது காலையில் பூட்டைத் திறக்கும்போதே முப்பது பேர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இதே தொழில் பார்த்த ஜெரோம், இரண்டாவது வாரத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு கோயம்புத்தூரில் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய ஆட்களும் இங்கேதான்.

"கரண்டு வச்சு விடு தாயி."

"காய்ச்சல் இருக்கும்போது கரண்டு வைக்கக் கூடாதுங்க. படுத்து ரெஸ்ட் எடுங்க."

"படுத்தா எந்திரிக்க முடியலைன்னுதானே வந்திருக்கேன்."

முதல் வாரம் அவளுக்கும் பிடிபடவில்லை. மூட்டு என்றால் சூடு என்று படித்த படிப்பு. வீங்கின விரல்களை உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வைத்தாள். மறுநாள் ஒரு அம்மாள் மணிக்கட்டைக் கத்தரிக்காய் மாதிரி வீங்க வைத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு சூட்டை நிறுத்திவிட்டு ஈரத்துணியைச் சுற்றிவிட்டாள். வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் மிஷினில் பச்சை விளக்கு எரிந்தால் வருகிற நம்பிக்கை ஈரத்துணியில் வருமா? "ஈரத்துணி எங்க வீட்டுக் கொடியிலயே கெடக்கே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அநேகம்.

இந்தக் கூட்டத்தில் அவள் மனசு கிடந்தது ஒரே ஒருவரிடம்தான். அவருக்குக் காய்ச்சலே இல்லை.

மொக்கைச்சாமி. வடமதுரைப் பக்கம் மல்லிகையும் சம்பங்கியும் போடுகிற சம்சாரி. தை மாதம் தோட்டத்திலேயே விழுந்து, இடது கையும் இடது காலும் இழுத்துக்கொண்டன. ஆவணி இருபத்தேழில் மகள் மலர்விழிக்குக் கல்யாணம். அவர்கள் வகையறா வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவர் மணவறைக்கு நடந்து போய், நின்றபடியேதான் தாரை வார்க்க வேண்டும். உட்கார்ந்து வார்ப்பது கிடையாது. தகப்பனால் முடியாவிட்டால் தகப்பனோடு பிறந்தவர் வார்ப்பார். மொக்கைச்சாமியோடு பிறந்தவர் ஒரே அண்ணன், கருப்பணன். இரண்டு பேருக்கும் பொதுவான கிணறு ஒன்று. யார் முறைக்கு எவ்வளவு நேரம் மோட்டார் ஓடியது என்கிற விவகாரத்தில் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"அவன் கையால என் மக தாரை வாங்குறதுக்கு, நான் தையிலயே செத்திருக்கலாம்" என்று முதல் நாளே சொன்னார் மொக்கைச்சாமி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

"நடக்க வைக்கிறேன் அய்யா" என்றாள் சத்யபிரியா. தொழிலில் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டாள்.

அதற்காகத்தான் தொட்டி. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை இரண்டை வாங்கி, பின்கட்டு முருங்கை மரத்தடியில் ஒன்றைப் புதைத்து, அதன்மேல் ஒன்றை ஏற்றி, அடியில் பூசி, படி வைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பு கனம் தெரியாது. செத்த காலும் கொஞ்சம் தைரியமாக எட்டு வைக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கிற ஊரில் ஒரு ஆள் கால் நனைக்க ஒரு கிணறு என்று தெரு வாயடைத்துப் போனது. வாயடைத்துப் போனதைப் பற்றி ஒரு வாரம் பேசியது. தண்ணீருக்கு மொக்கைச்சாமியே வழி பண்ணினார். காலையில் அவரும் மலர்விழியும் ஏறி வருகிற பூ மார்க்கெட்டு டெம்போவில், பூ மூட்டைகளோடு தன் கிணற்றுத் தண்ணீரும் நாலு டிரம் வந்தது. மார்க்கெட்டுக்குப் பூ தாமதமானதுண்டு; தொட்டிக்குத் தண்ணீர் தாமதமானதில்லை. வந்த தண்ணீரை இறைத்துக் கொட்ட மனசு வருமா? நாலைந்து நாளைக்கு அதையே வைத்துக்கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்டு வந்தாள். மொக்கைச்சாமிக்குத் தோல் அரிக்கிறது என்று அதையும் நிறுத்தினாள்.

ஆனி கடைசியில் அவர் தொட்டிக்குள் ஆறு எட்டு வைத்தார். விளிம்பைப் பிடிக்காமல். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த புவனேஸ்வரி, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்குச் சண்டையில்லாமல் ஒரு கிண்ணம் பாயசம்கூட வந்தது.

அப்புறம்தான் காய்ச்சல் வந்தது, கூட்டம் வந்தது. தொட்டியில் ஒருவரை இறக்கி ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். முன்னறையில் நாற்பது பேர் முனகிக்கொண்டிருக்க முக்கால் மணி நேரத்துக்கு எங்கே போவாள்? ரெண்டு நாளைக்கு என்று தொட்டியைத் தண்ணீரோடு சாக்கால் மூடினாள். மொக்கைச்சாமியைக் கூட்டத்துக்குள் உட்கார வைக்கவும் பயம். காய்ச்சல்காரர்கள் நடுவில் இவர் ஏன் இருக்க வேண்டும்? பின்கட்டிலேயே நாற்காலி போட்டாள். முருங்கைக் கிளையில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் இழுத்தால் செத்த கை மேலே போகிற மாதிரிச் செய்துகொடுத்தாள். "இங்கனயே இருங்க அய்யா. நிழலா இருக்கு. யார் தொந்தரவும் இல்ல." காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, தொட்டியை ஒட்டி, மொக்கைச்சாமி கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு நாள், இருபத்திநாலு நாளானது.

ஒருநாள் மலர்விழி அப்பாவின் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க பாருங்க. கை பூராத் தடிப்பா இருக்கு. அப்பா, கொசு கடிக்கிறது தெரியலையா?"

"அந்தக் கையில எனக்கு ஒண்ணுந் தெரியாது. அதைக் கொசுவுக்கே பட்டா போட்டுக் குடுத்துட்டேன்" என்றார் மொக்கைச்சாமி.

சத்யபிரியா சிரித்தாள். "சாக்கடைக் கொசு. வேப்பெண்ணெய் தடவிவிடு மலரு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு ஓடினாள். அங்கே ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் நாற்காலியோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் கையைத் தூக்கிப் பார்த்த பொழுது, அதற்குப் பிறகு எத்தனை தடவை அவளுக்கு நினைவில் வந்திருக்கும் என்று கணக்கில்லை.

ஆவணி பதினாலு, புதன்கிழமை டெம்போவில் பூ மட்டும்தான் வந்தது, மொக்கைச்சாமி வரவில்லை. ஒன்பது மணிக்குப் போன்.

"அக்கா, அப்பாவுக்கு ராத்திரியில இருந்து அனலாக் கொதிக்குது. நல்ல காலையும் மடக்க முடியல. இம்புட்டு நாளு நின்னுட்டு இருந்தாரு, இப்ப உக்காரவே முடியலக்கா."

கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. சத்யபிரியா போனை வைத்தாள். நல்ல கால்தான் அவர் ஊன்றி நிற்கிற கால்.

அந்த வாரத்திலேயே புவனேஸ்வரி படுத்தாள். வெள்ளிக்கிழமை சத்யபிரியாவுக்கும் வந்தது. காய்ச்சலோடு தாடிக்கொம்பில் இரண்டு நாள் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பூட்டில் சாவியைத் திருப்பவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. தொழிலே கையில்தான். அந்தக் கையில் ஒரு விரலும் மடங்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து நகராட்சியிலிருந்து மதியழகன் வந்தான். சுகாதார ஆய்வாளர். வீடு வீடாகப் போய்க் குடத்துக்குள்ளும் டிரம்முக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை. கல்யாணமாகாதவன் என்பதால் தெருவில் அவனுக்குக் கதவுகள் சீக்கிரம் திறந்தன. பின்கட்டுக்குப் போனவன் சாக்கைத் தூக்கினான்.

"இது என்ன மேடம், கிணறா?"

"பேஷண்டை நிக்க வைக்கிற தொட்டி."

அவன் கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் விட்டு மொண்டு வெயிலில் காட்டினான். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதற்குள் மயிரிழை மயிரிழையாக என்னவோ தலைகீழாகத் தொங்கி, உதறி உதறி நீந்தியது. அடுத்த கரண்டியிலும் அதுதான். சாக்கின் உள்பக்கத்திலிருந்து காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் எழும்பி முருங்கைக்குப் போயின.

"கொசு சாக்கடையிலதானே வரும்" என்றாள் சத்யபிரியா.

"இந்தக் கொசு சாக்கடைப் பக்கமே போகாது மேடம். ரொம்பச் சுத்தக்காரி. நல்ல தண்ணி, நிழல், கிட்டத்துல ஆள். இம்புட்டு இருந்தாப் போதும். அதுவும் பகல்லதான் கடிக்கும்." அவன் நோட்டை எடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் மூடினான். "இந்தத் தெருவுல இது ஒண்ணுதான்னு இல்ல. அம்புட்டு வீட்டு டிரம்முலயும் இருக்கு."

அது நிஜம்தான். ஆனால் நாற்காலி போட்டு ஒரு ஆளை உட்கார வைத்தது இந்த ஒரு தொட்டியின் பக்கத்தில் மட்டும்தான்.

சமையலறை ஜன்னலில் புவனேஸ்வரி நின்றிருந்தாள். அவ்வளவையும் கேட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் பெரிய கச்சேரி என்று தெரு சீக்கிரமே உலையிறக்கிவிட்டுக் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. புவனேஸ்வரி சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்கு வந்தாள். சத்யபிரியா வாளியை முழங்கையில் மாட்டித் தொட்டியை இறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளிக்குப் பாதி தரையில் சிந்தியது.

"மூடி எத்தனை நாளாச்சு?"

"இருபத்திநாலு."

"நான் தெனமும் அந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அந்த மனுசன் கயிறு இழுக்கறதை." புவனேஸ்வரி துவைக்கிற கல்லில் உட்கார இரண்டு நிமிடம் பிடித்தது. "உன்கிட்ட இருந்துதான் வருதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"தொட்டு வரலக்கா."

"வந்துச்சுல்ல?"

சத்யபிரியா வாளியைக் கீழே வைத்தாள். புவனேஸ்வரி வீட்டைக் காலி செய்யச் சொல்லுவாள் என்று நின்றாள். அவள் சொல்லவில்லை. வீங்கின கையால் ஒரு சொம்பை எடுத்துத் தொட்டியில் மொண்டு தரையில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு. இரண்டு பேரும் பொழுது சாயும் வரை இறைத்தார்கள்.

மறுநாள் கரண்டுக் கடைக் கதவில் பூட்டு. வளைந்து வந்தவர்கள் வளைந்தபடியே திரும்பிப் போனார்கள். சத்யபிரியா வடமதுரைப் பஸ்ஸில் இருந்தாள்.

மொக்கைச்சாமி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். காய்ச்சல் விட்டிருந்தது, வலி விடவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, சாக்கு, நாற்காலி. மலர்விழி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்ப்பதற்கு ரெண்டு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம்.

மொக்கைச்சாமி அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தத் தண்ணி," என்றார், "எங்க கிணத்துத் தண்ணிதானே?"

"ஆமாங்கய்யா."

"டிரம்முக்குத் தண்ணி ஏத்துனது அம்புட்டும் அந்தக் கருப்பணன் முறையில. விடியக்காலம் அவன் எந்திரிக்கிறதுக்கு முந்தி மோட்டாரைப் போட்டு எடுத்தது." கோணின வாயில் வந்தது சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. "யாருகிட்டயும் சொல்லிறாத தாயி."

எட்டு நாள் இருந்தது. ஈரத்துணி சுற்றினாள். வலி குறைகிற நேரம் பார்த்துக் காலை மடக்கி நீட்டினாள். விரல் பிடிக்காததால் ஒரு துண்டை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் முழங்கையில் சுற்றிக்கொண்டு தூக்கினாள். மூன்றாம் நாள் அவர் நின்றார், இருபது எண்ணுகிற வரை. ஐந்தாம் நாள் நாற்பது. நடப்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, முப்பத்தொன்று எண்ணும்போது அவள் மணிக்கட்டு சட்டென்று விட்டது. துண்டு நழுவியது. மொக்கைச்சாமி பின்பக்கமாகச் சாய்ந்தார். மலர்விழி அடுப்படியில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மடை மாற்றிக்கொண்டிருந்த ஒரு ஆள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். சேற்றுக் கை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

சத்யபிரியாதான் பேசினாள். "வேட்டியைப் பிடிக்காதீங்க அய்யா. இடுப்பெலும்பைப் பிடிங்க. அவரு சாயுற பக்கம் உங்க முட்டியைக் குடுங்க."

கருப்பணன் முட்டியைக் கொடுத்தார். நாற்பது வந்தது. ஐம்பதும் வந்தது. மொக்கைச்சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆவணி இருபத்தேழு. மொக்கைச்சாமியை மணவறைக்கு நாற்காலியில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தாங்களே சுவர் பிடித்து நடந்ததால் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. தாரை வார்க்கிற நேரம் எழுந்து நின்றார். பின்னால் கருப்பணன், இரண்டு கையும் தம்பி இடுப்பில், முட்டி சரியான இடத்தில். வலது கை செம்பைச் சாய்த்தது. இடது கையை மலர்விழியே எடுத்து அதன் கீழே வைத்துக்கொண்டாள். தாரை வார்த்தது தம்பி. தாங்கி நின்றது அண்ணன். இதில் யார் முறை ஓடியது என்று சொந்தக்காரர்கள் பந்தியில் பேசிக்கொண்டார்கள்.

சத்யபிரியா மூன்றாவது வரிசையில் இருந்தாள். தாம்பூலப் பையை வாங்க விரல் மடங்காமல், உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தி வாங்கினாள். மொக்கைச்சாமி அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்றும் அவளுக்குத் தெரியாது. பந்தியில் உட்காராமலே பஸ் ஏறினாள்.

மலர்விழி அந்த வாரமே மாப்பிள்ளையோடு திருப்பூர் போனாள். தீபாவளிக்குப் பிறகு மொக்கைச்சாமி கம்பு ஊன்றி, பஸ் ஏறுகிற அளவுக்கு நடந்தார். ஏற்றிவிடுவது கருப்பணன், போகிற இடம் வேறொரு கரண்டுக் கடை. கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த ஜெரோமிடம்.

மதியழகன் அடிக்கடி பின்கட்டுத் தொட்டியைச் சோதிக்க வந்தான். தொட்டியில் தண்ணீரே இல்லாதபோதும் வந்தான். தெரு நாள் குறித்துவிட்டது. அவன் மாசியில் சிறுமலைப் பக்கத்து டீச்சர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பழநிக்கு மாற்றல் வாங்கிப் போனான். தெருவுக்குப் பெரிய ஏமாற்றம்.

சத்யபிரியா அதற்கு முன்பே, கார்த்திகையில், யாரும் சொல்லாமல் தானே காலி செய்தாள். இரு என்று புவனேஸ்வரி இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல அவளுக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சாமான் ஏற்றுகிற அன்றைக்கு, சத்யபிரியா கப்பியை மட்டும் முருங்கையிலிருந்து அவிழ்க்காமல் விட்டுப் போனாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஒட்டன்சத்திரத்தில் கல்யாணம்; மாப்பிள்ளை மருந்துக் கடை. அங்கேயும் இதே தொழில்தான். கை சரியாகிவிட்டதாம், மழைக்காலத்தில் மட்டும் வலது கை நடுவிரல் மடங்காதாம். போய் வந்தவர்கள் சொல்வது இது: வருகிறவரை உட்கார வைத்ததும் முதலில் சட்டைக் கையை மடக்கி, கொசு கடித்த தடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறாளாம். முதுகு வலி என்று வந்தாலும் அப்படித்தானாம்.